சுவர் காய்த்த ஊர்

காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே, மழை பெய்து ஓய்ந்தால் ஆடு மேய்க்கிறவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டே நடக்கிற சீமையில், உழுத காட்டில் எது மின்னினாலும் கல்லா கண்ணாடிச் சில்லா என்று எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்க்கிற ஜனங்களுக்கு மத்தியில், கல்லாங்காட்டுவலசு என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில்தான் சென்னியப்பன் வீட்டுக்கும் அவர் தம்பி காளியண்ணன் வீட்டுக்கும் பொதுவாக நின்ற கல்சுவர் ஒரு தை மாதத்தில் காய்க்கத் தொடங்கியது.

சுவர் எங்கேயாவது காய்க்குமா என்று கேட்டுப் பொழுதை வீணாக்குகிற ஊரில்லை அது. முருங்கை காய்க்கிறது, எலுமிச்சை காய்க்கிறது, சுவரும் காய்த்தது. முதலில் பார்த்தவள் காளியண்ணனின் மனைவி தெய்வாத்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அடுப்புக்குப் பின்னால் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தவள், கல்லில் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை மினுமினுப்பைக் கண்டு, துணியால் துடைத்தாள், சாம்பலால் தேய்த்தாள், போகவில்லை. மாசிக்குள் பச்சையெல்லாம் ஏடு ஏடாக உரிகிற காக்காப்பொன்னாக மாறி, அடுப்பு வெளிச்சத்தில் சமையல்கட்டு முழுக்கப் பளபளத்தது. பங்குனியில் அந்தக் காக்காப்பொன்னுக்குள்ளிருந்து கடுகு கடுகாகச் சிவப்பு எட்டிப்பார்த்தது. கடுகு கொள்ளாகி, கொள்ளு சுண்டைக்காயாகி, ஒரு நாள் குழம்பு தாளிக்கிற நேரத்தில் சட்டிக்குள் டப்பென்று விழுந்தது. அவள் அதைக் கரண்டியால் எடுத்துக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டு, குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, செவுரு காய்ச்சிருக்குதுங்க.”

“உப்புப் போட்டு ஊற வை,” என்றான் காளியண்ணன். அவன் காது அப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அண்ணன் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார், எந்த மாட்டை, எதற்காகத் திட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சுவர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே அடுப்பில் இரண்டு மருமகள்கள் புகைய வேண்டாம் என்று அப்பன் காலத்து வீட்டை இரண்டாகத் தடுத்தபோது, அண்ணனும் தம்பியும் தங்கள் காட்டுப் பாறையையே பலகை பலகையாகப் பிளந்து, ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிவந்து, பேசிச் சிரித்துக்கொண்டே நட்டு நிறுத்திய சுவர் அது. இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு, இரண்டும் அதே கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எரிந்தன. இரண்டு வீட்டிலும் என்ன குழம்பு என்று இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வினை சென்னியப்பனின் மகள் கல்யாணத்தில் வந்தது. அந்தச் சீமையில் ஒரு நல்ல காரியம் என்றால் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், அத்தனை பேர் வீட்டுக்கும் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, வாயைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள்; சொல்லாமல் வந்தவனுக்கு மரியாதை இல்லை. ஆனால் வீட்டு ஆளை யாரும் அழைப்பதில்லை. அழைத்தால் அது அவனை வெளியாளாக்கினதாகிவிடும். சென்னியப்பன் ஊர் ஊராகப் போய் அழைத்தார், தம்பியின் மாமனார் வீட்டுக்குக்கூடப் போய் அழைத்தார், தம்பியை அழைக்கவில்லை. அவனை எதற்கு அழைப்பது, அவனல்லவா முன்னால் நின்று பந்தி விசாரிக்க வேண்டும் என்று அவர் இருந்துவிட்டார். காளியண்ணனோ, சுவர் வைத்தபிறகு இரண்டு வீடு இரண்டு வீடுதானே, இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று, சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். முகூர்த்தத்தன்றும் காத்திருந்தான். மேளச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது, பருப்பு வாசனை வந்தது, “காளியண்ணன் எங்கீங்க, ஆளையே காணோம்” என்று அண்ணன் யாரிடமோ கேட்டதுகூட வந்தது; ‘வா’ மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் அழைப்பு வராத தம்பி சட்டை கசங்க உட்கார்ந்திருந்தான், அந்தப் பக்கம் தம்பி வராத அண்ணன் கண்கலங்கிப் பரிமாறிக்கொண்டிருந்தார். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு பேரும் சரிதான். யாராவது ஒருத்தர் தப்பாக இருந்திருந்தால் காலில் விழுந்து அன்றைக்கே முடித்திருக்கலாம்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. அந்தச் சுவர் உன் இடத்தில் நிற்கிறது, எனக்கு வேண்டாம் என்று அவர் ஆள் மூலம் சொல்ல, எனக்கும் வேண்டாம், அது உங்கள் இடத்தில்தான் நிற்கிறது என்று இவன் ஆள் மூலம் சொல்ல, கடைசியில் பஞ்சாயத்தில் சலித்துப்போய்ச் சுவரை மாரியம்மன் பேருக்கு விட்டார்கள். அப்போது அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. சுவர் காய்த்தபிறகுதான், காய் முழுக்க அம்மனுக்கு, அதாவது ஊருக்கு, என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

ஊர் அதை எவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது என்கிறீர்கள். அந்தச் சிவப்புக் கல் விற்ற காசில் கோயிலுக்கு மண்டபம் எழும்பியது, தண்ணீர்த் தொட்டி வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாறியது, தார் ரோடும் அதன் பின்னாலேயே டவுன் பஸ்ஸும் வந்தன. கோயில் தர்மகர்த்தா அர்த்தநாரி இரண்டு சமையல்கட்டையும் பார்த்துவிட்டு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: சகோதரர்கள் முறைத்துக்கொண்ட வாரத்தில் கல் பருக்கிறது, வேலை மும்முரத்தில் பகையை மறந்திருந்த வாரத்தில் கல் சோர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான், பகையைப் பேணிக் காப்பது ஊர்க் காரியமாகிவிட்டது. திருவிழாவில் முதல் மாலை ஒரு வருஷம் அண்ணனுக்கு, மறு வருஷம் தம்பிக்கு, யாருக்குக் கிடைக்கவில்லையோ அவருக்கு மூன்று மாதத்துக்குப் புகைச்சல். விருந்துகளில் இருவரையும் முதுகோடு முதுகு பார்க்க உட்காரவைத்தார்கள். கோள் சொல்வது பாவம் என்று வளர்ந்த பெண்டுகள் முறை வைத்துக்கொண்டு கோள் சொன்னார்கள்; “உங்க தம்பி உங்களை என்னமோ சொன்னாராமுங்க” என்று அந்த வாசலிலும், “உங்கண்ணன் உங்களை ஒரு மாதிரி பேசினாராமுங்க” என்று இந்த வாசலிலும் சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து ஊரிலிருந்து சமரசம் பேச வந்த ஒரு நல்ல மனிதருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒற்றுமையாக இருந்த அண்ணன் தம்பிகளெல்லாம் வீட்டுக்கு நடுவில் கல்சுவர் வைத்து, இரண்டு பக்கமும் அடுப்புப் போட்டு, நாளை முதல் நமக்குள் பேச்சில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஒரு சுவரும் காய்க்கவில்லை. பாதிப் பேர் வாரம் முடிவதற்குள் சிரித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும், முதலில் சிரித்தது யார் என்று தொடங்கின பேச்சு நிஜச் சண்டையாகி, கோர்ட்டு வரைக்கும் போனது. அந்தச் சுவரிலும் பச்சை படர்ந்ததோடு சரி.

காளியண்ணன் மட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் ஒட்டவில்லை. ஆரம்பத்தில் அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆனால் வருஷம் ஆக ஆக அவனால் ஓரிடத்தில் நிற்க முடியாமல் போயிற்று. சோற்றில் கை வைத்தால் எழுந்து வாசலைப் பார்ப்பான், வாசலுக்குப் போனால் காட்டு நினைப்பு வரும், காட்டுக்குப் போனால் அங்கே மாட்டைக் கட்டின மாதிரி வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவருவான், வீட்டிலே சுவரோரமாக அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடப்பான். நடந்த இடத்தில் காரைத் தரை பள்ளம் விழுந்தது. படுத்தால் முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் படுக்க வந்தது. அந்தப் பக்கம் அண்ணனும் அதே மாதிரி முதுகைக் கொடுத்துத்தான் படுக்கிறார் என்பது அவனுக்குப் பார்க்காமலே தெரியும். கல் இரண்டு முதுகுக்கும் நடுவில் சூடாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து இருமல் வர ஆரம்பித்தது. முதலில் விடியற்காலையில் மட்டும், பிறகு பகலிலும், பிறகு ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவிலும். காளியண்ணன் இருமலுக்குத் தகுந்தபடி நடந்தான். இருமல் நின்றால் நின்றான்.

“அவருக்கு மூச்சு வாங்குதாமா,” என்றாள் தெய்வாத்தாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. “நெஞ்சுல தண்ணி கோத்துருக்குதுன்னு கோயமுத்தூர்ல சொல்லிப்போட்டாங்களாமா. அக்கா சொன்னாங்க.”

“எந்த அக்கா?”

“உங்கண்ணி பழனாத்தாக்காதான்.”

“நீ எப்ப அவங்ககூடப் பேசினே?”

“தெனமும்தான் பேசறோம். தண்ணிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போறோம்.” அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “பேசாம இருக்கறது நீங்க ரெண்டு பேருதானுங்க. எங்களுக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை.”

ஊருக்கும் இருமல் கேட்டது. ஊர் பதறியது. அந்தப் பதற்றத்தில் பொய்யில்லை; காரில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள், பெரிய டாக்டரைப் பார்த்தார்கள், வேளை தவறாமல் மாத்திரை கொடுக்க ஆள் போட்டார்கள், அம்மனுக்கு வேண்டிக்கொண்டு தீச்சட்டி எடுத்தார்கள். சென்னியப்பன் சாகக் கூடாது. ஆனால் சாவு பயத்தில் மனசு இளகித் தம்பியோடு சேர்ந்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தி வைக்க அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சுவரும் மாறியது. காளியண்ணன் பக்கத்தில் சிவப்புக் கற்களுக்கு நடுவே நீலமாக, கத்தித் தகடு மாதிரி, நீள நீளமாக ஏதோ முளைத்தது. சென்னியப்பன் பக்கத்தில், காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சவும் ஒத்தடம் கொடுக்கவும் அடுப்பு அணையாமலே எரிந்ததாலோ என்னவோ, வெள்ளை வெளேரென்று நரைமுடி போல ஊசி ஊசியாகப் பூத்தது. கல் வியாபாரிகளுக்கு இரண்டும் பிடிபடவில்லை. அர்த்தநாரிதான் வெளியூர்க் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிற ஓர் அம்மாளை அழைத்துவந்தார்.

அந்த அம்மாள் இரண்டு வீட்டுக்கும் போய், கண்ணோடு ஒட்டிக்கொள்கிற பூதக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார். பிறகு காளியண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து மோரைக் குடித்துவிட்டு விளக்கமாகச் சொன்னார்.

“இந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்துல களிமண்ணுங்க. பூமிக்குள்ள ஆழத்துல போயி மாட்டிக்கிட்டா, மேலயிருந்து பாரம், கீழயிருந்து சூடு. உருகிப்போனா வேற கதை. இது உருகறதில்லை. கல்லு கல்லாவே இருக்கும், உள்ள இருக்கறது மட்டும் இடம் மாறி, ஒண்ணோட ஒண்ணு கூடி, வேற ஒண்ணா வளரும். மொதல்ல பச்சை, அப்பறம் காக்காப்பொன்னு, அதையும் தாண்டி அழுத்தினா சிவப்பு. உங்க செவுத்துல எல்லாம் வரிசையா வந்திருக்குது. ஆனா அதுக்குப் பல மைல் ஆழமும் கோடிக்கணக்கான வருஷமும் வேணும்.”

“இவங்களுக்கு அவ்வளவு தேவைப்படலீங்க,” என்றார் அர்த்தநாரி பணிவாக.

அந்த அம்மாள் சிரித்தார். தன் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்கிற ஆளாக அவர் தெரியவில்லை.

“இந்த நீலமும் அந்த வெள்ளையும்?” என்று கேட்டான் காளியண்ணன். அவன் நின்றுகொண்டேதான் கேட்டான், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டு.

“அதுதான் வேடிக்கை. பார்த்தா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்குதல்ல? ரெண்டும் ஒரே சரக்குங்க. உள்ள இருக்கறது அணு பிசகாம ஒண்ணுதான். பாரம் சாஸ்தியான எடத்துல நீலமா நின்னுருச்சு, சூடு சாஸ்தியான எடத்துல வெள்ளையாயிருச்சு.”

காளியண்ணன் மோர்ச் சொம்பை வாங்கி வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, அர்த்தநாரி செருப்புத் தேடப் போன சமயம் பார்த்து, மெதுவாகக் கேட்டான்.

“அழுத்தறதை உட்டுட்டா, மறுபடி பழைய களிமண்ணா ஆயிருமுங்களா?”

“ஆகாதுங்க. எந்த மட்டுக்கு அழுந்துச்சோ அந்தக் கோலத்துலயே நின்னுரும். வெளிய வந்தாலும் அப்படியேதான் இருக்கும்.”

அந்த அம்மாள் போனபிறகு காளியண்ணன் அன்றைக்கு முழுக்க நடந்தான். பழைய அண்ணன் இனிக் கிடைக்க மாட்டார், அது அவனுக்குப் புரிந்தது. தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர், பலகைக் கல்லின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு “பார்த்துடா, வெரலு நசுங்கிரும்” என்றவர், அவர் போனது போனதுதான். ஆனால் இருமுகிறாரே, இந்த ஆள், இந்த வெள்ளை ஊசி பூத்த ஆள், இவரும் போய்விட்டால் என்ன செய்வது? அவர் கண் மூடுவதற்குள் அவர் வாயால் ஒரு ‘வா’ கேட்க வேண்டும் என்று அவனுக்கு வேட்கையாக இருந்தது. வேறொன்றும் வேண்டியதில்லை. ஒரு வார்த்தை போதும், அதைக் கேட்டுவிட்டால் தன் கால் நின்றுவிடும் என்று நினைத்தான்.

ஒரு முறை போகத்தான் செய்தான். வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு, தெருவைச் சுற்றி, அண்ணன் வாசல் வரைக்கும் போய் நின்றான். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அர்த்தநாரி எங்கிருந்துதான் வந்தாரோ, தோளில் கை போட்டார்.

“என்ன தம்பி, இந்தப் பக்கம்?”

“சும்மாதானுங்க. அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லைன்னாங்க.”

“நாங்க பார்த்துக்கறோம். ராசாவாட்டம் பார்த்துக்கறோம். நீ கவலையே படாதே.” அவர் குரலைத் தணித்தார். “இல்ல தம்பி, ஒண்ணு கேக்கறேன். உன்னைய வான்னு அழைச்சாங்களா?”

காளியண்ணன் எட்டி வாசலுக்குள் பார்த்தான்.

“அழைக்காத வாசல்ல ஏறுவியா நீ? இத்தனை வருசம் மானத்தைக் காப்பாத்துனது இதுக்குத்தானா? இந்த வருசம் பொம்பளப் புள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டலாம்னு இருக்கறோம். கொஞ்சம் யோசி.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதனால்தான் காளியண்ணனுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. திரும்பி வந்து நடந்தான். அந்த வாரம் நீலக் கற்கள் ஒரு விரல்கடை வளர்ந்தன.

ஆடி வெள்ளியில் காய் பறிப்பார்கள். அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. தப்பட்டை முன்னால் வர, புது முறத்தில் மஞ்சள் துணி விரித்து, ஊரே காளியண்ணன் வீட்டுக்குள் வந்து சமையல்கட்டில் நெரித்துக்கொண்டு நிற்கும். அர்த்தநாரி சுவருக்குச் சந்தனம் வைத்து, முதல் கல்லைக் கிள்ளி முறத்தில் போடுவார். இந்த வருஷமும் காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. நடக்க இடமில்லாமல் காளியண்ணன் சுவரோரமாக ஒடுங்கி நின்றான். தப்பட்டை ஓய்ந்தது. அர்த்தநாரி சந்தனத்தைக் குழைத்தார். காளியண்ணன் காதைச் சுவரில் வைத்தான்.

இருமல் இல்லை.

கொஞ்சம் பொறுத்தான். மூச்சுவிடாமல் கேட்டான். விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது, எங்கேயோ ஒரு குண்டான் நகர்ந்தது, இருமல் மட்டும் இல்லை. இத்தனை மாதத்தில் இவ்வளவு நேரம் இருமல் இல்லாமல் இருந்ததில்லை.

அந்த ஊரில் சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போக வேண்டும், பகையாளியானாலும் போக வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது. சித்த நேரத்தில் யாராவது வந்து சேதி சொல்லுவார்கள், அப்போது அழைக்காத அந்த வாசலில் அவன் தலைநிமிர்ந்து ஏறலாம், மானமும் போகாது, ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஓடின மறுநிமிஷமே, இதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தேன், அவர் சாகட்டும் உள்ளே போகலாம் என்றா, என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

அம்மிக் குழவியை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தான். சிவப்புக் கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. காய் பறிக்க இது ஒரு புது முறையோ என்று கூட்டம் ஒரு கணம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த அடியில் ஒரு பலகைக் கல் விரிசல் விட்டபிறகுதான் அர்த்தநாரி சந்தனக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தார்.

“தம்பி, என்ன காரியம் பண்றே? இது அம்மன் சொத்து.”

“அம்மனே வந்து கேக்கட்டும். உடுங்க.”

“புள்ளைக ஹாஸ்டலு தம்பி.”

“கைய உடுங்க, சொல்லிப்போட்டேன்.”

நாலைந்து பேர் சேர்ந்து அவன் இடுப்பைப் பிடித்தார்கள். அவன் திமிறினான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெய்வாத்தாள் வந்தாள். பின்கட்டிலிருந்து கடப்பாரையைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்திருந்தாள். பிடித்திருந்தவர்களின் கால் பக்கமாக அதை நங்கென்று ஊன்றினாள்; எல்லாரும் கையை எடுத்துக் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

“இதுல இடிங்க,” என்றாள் கணவனிடம். “கொழவி ஒடஞ்சா நான் எதுல அரைக்கறது?”

அவன் இடித்தான். சூடும் பாரமும் இறுக்கிய சுவர் அது, லேசில் விடவில்லை; கடப்பாரை நுனி பட்ட இடத்தில் பொறி பறந்தது, காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரிந்து காற்றில் மிதந்தது, நீலத் தகடுகள் முறிந்து காலடியில் விழுந்தன, சுண்டைக்காய் நெல்லிக்காயளவு சிவப்பு தரையெல்லாம் உருண்டு கூட்டத்தின் கால்விரல்களுக்கு நடுவில் ஓடியது, ஒருத்தரும் குனியவில்லை. பாதிச் சுவரில் ஒரு பலகைக் கல் அசைந்தது. அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கல் அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது, தூசி எழுந்தது, தூசிக்குள் அவன் நுழைந்தான்.

அந்தப் பக்கம் சுவரை ஒட்டியே கட்டில் கிடந்தது, கல் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. கட்டிலில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அவர் இளைத்துப் போயிருந்தார், காது மட்டும் பெரிசாகத் தெரிந்தது, தலைமுடி சுவரில் பூத்த ஊசிகளைப் போலவே வெளுத்திருந்தது. துண்டால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தார். தம்பியைப் பார்த்ததும் துண்டை எடுத்தார். அடக்கி வைத்திருந்த இருமல் அத்தனையும் வந்தது. அது ஓயும்வரை காளியண்ணன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நடைச் சத்தத்தைக் காணோம்,” என்றார் சென்னியப்பன், மூச்சு வாங்கிக்கொண்டு. “காலையிலிருந்து காணோம். உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு, இருமாம கேட்டுட்டிருந்தேன்.”

காளியண்ணன் கடப்பாரையை நழுவவிட்டான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஊர் முழுவதும் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அண்ணன் முகத்தில் பழைய முகத்தைத் தேடினான். இல்லை. இது வேறு முகம், கோடு கோடாக இறுகின முகம், இதில் எதைத் தொட்டு எதைப் பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டான்.

“ண்ணா. வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

சென்னியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ளயே நிக்கறே. உன்னப் பார்த்து எப்படிடா வான்னு சொல்றது?”

“சொல்லுங்கண்ணா. இத்தனை வருசமா அதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்.”

“மாட்டேன்,” என்றார் அண்ணன். “செத்தாலும் சொல்ல மாட்டேன். ஒறம்பரையத்தான் வான்னு சொல்லுவாங்க. நீ யாரு?”

காளியண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். எத்தனையோ நாளைக்கப்புறம் உட்கார்ந்தான். கேட்ட வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதுதான் கிடைத்தது என்பது அவனுக்குள் இறங்கச் சிறிது நேரம் பிடித்தது, இறங்கியதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அர்த்தநாரி ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். தரையில் கிடந்த கற்கள் ஒன்றும் கரையவுமில்லை, களிமண்ணாகவுமில்லை, சிவப்பு சிவப்பாகவே கிடந்தது.

பழனாத்தாளுக்குக் கை ஓடவில்லை. கொழுந்தன் வந்திருக்கிறான், இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறான் என்று பின்கட்டுக்கு ஓடி, நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து அறுத்து வந்து, அவன் முன்னால் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சென்னியப்பன் கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் சுருங்கியது.

“இலை எதுக்கு?” என்றார். “எடு அதை. வட்டல்ல போடு.”

அந்தச் சீமையில் வந்தவர்களுக்குத்தான் இலை. வீட்டு ஆட்களுக்கு வட்டல், ஓரம் நசுங்கியதாக, அடி கறுத்ததாக, தினமும் கழுவிக் கவிழ்த்துகிற தட்டு. பழனாத்தாள் இலையைச் சுருட்டினாள். அலமாரியிலிருந்து ஒரு வட்டலை எடுத்து, சோற்றைப் போட்டு, கொள்ளுப் பருப்பை ஊற்றி, அவன் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். காளியண்ணன் கல் தூசி படிந்த கையோடு பிசைந்தான்.

“பருப்புப் பத்தலைன்னா கேட்டு வாங்கு,” என்றார் அண்ணன், சுவரில்லாத பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டே. “இங்க யாரும் வந்து கேட்டுட்டிருக்க மாட்டாங்க.”